கோடை மடுவில் எண்ணிய மீன்கள்

வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் சுண்டுவிரல் நீள மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மே மாதம், மலையடிவாரத்து ஓடை, பாறைகளுக்கு நடுவே ஒரு மடு. வாலடியில் கறுப்புப் பொட்டும் துடுப்போரத்தில் மெல்லிய சிவப்புமாக, அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் கண்டதாக யாரும் சொல்லாத மீன். எங்கள் துறை அட்டெண்டர் கைவலையைக் கவிழ்க்க, நான் எண்ணிச் சொல்ல, அவரே நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அருகிப்போனது என்று எல்லோரும் பேசும் மீன் இவ்வளவு இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியையாக இருந்தவள். சொந்த ஊர் நாசரேத், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம் என்பதால், யார் எதைச் சொன்னாலும் திருத்தப் போகிற புத்தி எனக்கு உண்டு. அட்டெண்டர் புன்னைக்காயல்காரர். என்னைவிடச் சில மாதங்களே மூத்தவர் என்றாலும் நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகாமல் எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தவர். ஓடையில் இறங்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். முழங்கால் தண்ணீருக்கு எதற்கு அண்ணே இதெல்லாம் என்று ஒருநாள் கேலி செய்தேன். "தண்ணி தண்ணிதான மேடம்" என்றார், அவ்வளவுதான்.

ஒரு மீன் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தரம் பிரித்துச் சொல்வது எங்கள் வேலைகளில் ஒன்று. எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, குறைகிறதா என்று பார்த்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கு வாத்தியார்கள் எப்போது போவோம்? கோடை விடுமுறையில்தான். அப்போதுதான் வகுப்பு கிடையாது, கல்லூரி வேன் சும்மா நிற்கும், பாறை வழுக்காது, அட்டை கடிக்காது. மழைக்காலத்தில் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள், காட்டுக்குள் போக அனுமதி கிடைப்பதும் இழுபறி. ஆகவே மூன்று வருடமும் மே மாதத்திலேயே போய், அதே மடுவில் எண்ணினோம். இதில் ஒரு கோணல் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அட்டெண்டருக்குத் தோன்றியிருந்தது. அன்று பேசினைத் தண்ணீரில் சாய்த்து மீன்களைத் திரும்ப விடும்போதே சொன்னார்: "மேடம், நெறய கெடக்குன்னு எழுதிராதிய. ஓடை வத்திப்போச்சு, போக்கிடம் இல்லாம எல்லாம் இங்கன வந்து ஒதுங்கியிருக்கு. எங்கூருல கோடையில முகத்துவாரத்த மண்ணு அடைச்சா கையாலயே மீனு அள்ளுவோம். அதுக்காவ ஆறு முழுக்க மீனுன்னு அர்த்தமா?" நான் சிரித்துவிட்டு, கடல் கணக்கு வேறு, ஓடைக் கணக்கு வேறு என்றேன். எழுதியவள் நான். என் எண்களைத் தவிர வேறு எண்கள் யாரிடமும் இல்லாததால், தரம் பிரிக்கும் கூட்டத்தில் அந்த மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே முடிவானது. கைதட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை கூடக் கிடைத்தது.

அடுத்த வருடம் அடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒருவர், கோடையில் அந்த மடுவில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டார். அங்கே மீன் எதுவும் பாதிக்கப்படுமா என்று கேள்வி வந்தபோது என் அறிக்கையையே பதிலாக வைத்தார்கள். என்னிடம் ஒரு பிரதி கேட்டார்கள், நானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கோடையிலிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு மாணவியின் ஆய்வுக்காக முதல்முறையாக மழைக்குப் பின் அங்கே போனோம். ஓடை நிறையத் தண்ணீர். காலையிலிருந்து மேலும் கீழும் ஏறி இறங்கி, இண்டு இடுக்கு விடாமல் வலை போட்டார் அட்டெண்டர். அதே பேசினில் சாயங்காலம் கிடந்த மீன்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மாணவி நாளைக்கும் பார்க்கலாம் மேடம் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கோடையில் நான் எண்ணியது அந்த மடுவின் மீனை அல்ல, உலகத்தில் இருந்த அந்த இனம் மொத்தத்தையும். அது ஒதுங்க இருந்த ஒரே இடத்தைத்தான் மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டெண்டர் வலையைப் பிழிந்து பாறையில் காயப்போட்டார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருத்தக் கடிதம் எழுதுவது அரைநாள் வேலை. நான் எழுதவில்லை. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். பாட்டில் மூடிகளை மாற்ற வரும்போதெல்லாம் அட்டெண்டர் கேட்பார்: "லெட்டரு போட்டாச்சா மேடம்?" போடணும் அண்ணே என்பேன். தை போனது, மாசி போனது. பங்குனியில் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். சித்திரையில் மோட்டார் ஓடியது. அதன் பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன். நாசரேத்துக்காரி சொல்லக்கூடாதுதான், ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகின்றன. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். எழுதிய கடிதம் மேசை மேசையாக நகர்ந்து, போன ஆவணியில்தான் தரம் மாற்றப்பட்டது. அழியும் தறுவாயில் உள்ள இனம் என்று இப்போது இருக்கிறது. மோட்டாரையும் எடுத்துவிட்டார்களாம். பழைய மாணவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். எதற்கு வாழ்த்து என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. புன்னைக்காயலுக்குப் போன் போட்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்துனது நல்லதுதான் மேடம். மீனு கெடக்கா?"

தெரியாது அண்ணே, அந்தப் பக்கம் நான் போகவே இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "மழ நிக்கட்டும், ஒரு நடை போயிட்டு வருவோம். வல எங்கிட்ட இருக்கு" என்றார். சரி என்றேன்.

மழை நின்று பத்து நாள் ஆகிறது. நேற்று அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் போனை எடுக்கவில்லை.