வெறுங்கால் வேலை

நான் வேலை பார்க்கும் பட்டுக்கடைக்குள் யாரும் செருப்புக் காலோடு வருவதில்லை. புடவை எடுக்க வருகிறவர்கள் வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள், போகும்போது மாட்டிக்கொள்வார்கள். நாங்கள் காலையில் கழற்றினால் கடை மூடும்போதுதான் மாட்டுவோம். வெள்ளைத்துணி விரித்த மெத்தையில் அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள கிரானைட் தரையில் நாங்கள் நிற்போம்.

என்னைச் சுறுசுறுப்பானவள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு புடவையை விரித்துக் காட்டிவிட்டு, அவர்கள் வாய் திறப்பதற்குள் அடுத்ததை எடுக்கப் போயிருப்பேன். உண்மையில் எனக்கு நிற்க முடியவில்லை. நின்றால் வலது முழங்காலின் உள்பக்கத்தில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு வலி. எடையை இடது காலுக்கு மாற்றினால் சற்று நேரத்தில் அந்தக் கணுக்கால் ஆரம்பிக்கும். அலமாரிக்குப் போவது, வருவது, வேண்டாத புடவையைக்கூட எடுத்து உதறுவது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தேன்.

தைலம் தேய்க்கவும் வழியில்லை. பட்டு வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்றவள் ஒரு முந்தானையை மோந்து பார்த்து, யாருக்குத் தலைவலி என்று கேட்டாள். அதோடு நிறுத்திவிட்டேன். வலி என்று சொல்லவும் பயம். நிற்க முடியாதவர்களை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தபடி முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும். அது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் நாலு பேரோடு பேசாமல், ஒரு பெண்ணின் தோளில் புடவையைப் போட்டு அவள் முகம் மாறுவதைப் பார்க்காமல் என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பி இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் நேராக எலும்பு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முழங்காலில் தேய்மானம் பெரிதாக இல்லை என்றார். பிறகு என்னை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தார். பாதம் உள்பக்கமாகச் சாய்கிறது, முழங்காலும் அதோடு சேர்ந்து திரும்புகிறது, பாதத்துக்கு அளவெடுத்து இன்சோல் செய்து செருப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

செய்து தருகிற பெண்ணின் கிளினிக் ஏனாத்தூர் பக்கம் இருந்தது. கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு பெட்டி நிறைய மெத்தென்ற நுரை. அதில் என் காலைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். எடுத்தபோது உள்ளே என் பாதம் அப்படியே பதிந்திருந்தது. நடுவில் வளைவே இல்லை. குழிக்கரண்டியைத் தட்டையாக்கினதுபோல் இருந்தது. இத்தனை வருடம் இதன் மேலா நின்றேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் செருப்பு போடுவீங்க?" என்றாள்.

"வீட்லருந்து கடைக்கு, கடைலருந்து வீட்டுக்கு. அவ்ளோதாம்மா."

"மத்த நேரம்?"

"வெறுங்கால்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ இத செஞ்சு குடுத்தா எங்க போடுவீங்க?"

செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இன்சோல் வந்த முதல் வாரம் காலுக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நடப்பதுபோல் இருந்தது. ஆடுசதை புதிதாக வலித்தது. திரும்பப் போய்க் காட்டினேன். ஓரத்தைத் தேய்த்துக் குறைத்துக் கொடுத்தாள். மெல்ல மெல்ல, பிள்ளையார்பாளையத்திலிருந்து கடைவரை நடக்கும்போது முழங்காலை மறந்தேவிட்டேன். வாசலில் கழற்றுவேன். மத்தியானத்துக்குள் பழைய வலி வந்துவிடும். முன்பாவது அது என் உடம்பின் சுபாவம் என்று இருந்தேன். இப்போது அதற்கு மருந்து வாசலில் கிடக்கிறது, நான் உள்ளே நிற்கிறேன். அந்த நினைப்பு என்னை ஒரு வேலையிலும் நிலைகொள்ள விடவில்லை.

கடைசியில் முதலாளியிடம் போய்க் கேட்டேன். உள்ளே போட ஒரு புதுச் செருப்பைக் கடைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன், தெருவில் போடவே மாட்டேன் என்று எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என் காலையும் என் முகத்தையும் பார்த்தார்.

"பட்டு இருக்கிற இடம்மா. நானே வெறுங்காலோடதான நின்னுக்கினு இருக்கேன். முடியலன்னா மேல போய் உக்காரு, யார் வேணான்றாங்க?"

"உக்காந்தா வலிக்காது சார். ஆனா உக்காந்துக்கினு எனக்கு விக்கத் தெரியாது."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் மாடிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போவேன். அவரோ ஏதாவது ஒரு வாடாமல்லி நிறம், ஏதாவது ஒரு மாம்பழநிறம் என்று சரக்கைப் பற்றித்தான் கேட்பார்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கித்தான் துணி வாங்கி, இன்சோலை உள்ளே வைத்து, காலுறை மாதிரி ஒன்றைத் தைக்க உட்கார்ந்தேன். அடிப்பக்கம் என் கையால் ஊசி ஏறவில்லை. ஆட்டோ சீட்டு கிழிந்தால் தைக்கிற கோணி ஊசியை எடுத்து வந்து என் கணவர் தைத்துக் கொடுத்தார். மறுநாள் யாரிடமும் கேட்காமல் போட்டுக்கொண்டு நின்றேன். புடவைக் கரை மறைத்துக்கொண்டது.

தென்னேரியிலிருந்து ஒரு கல்யாண வீடு வந்திருந்தது. பெண்ணின் அம்மா மெத்தையில் உட்கார முடியாமல் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கீழே சரிந்த ஒரு புடவையை எடுக்க நான் குனிந்தபோது என் கால் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பின்னால் திரும்பினால் முதலாளி. அவரும் பார்த்துவிட்டார்.

"அது இன்னாமா கால்ல?" என்றார் அந்த அம்மா.

மறைக்கத் தோன்றவில்லை. வலி, நுரைப்பெட்டி, கோணி ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எங்கே செய்கிறார்கள், ஏனாத்தூரில் எந்தப் பக்கம், வயதானவர்களுக்கும் செய்வார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். அவருடைய நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். கல்யாணப்பெண் அரக்குப்புடவையைத் தோளில் போட்டபடி யாராவது பார்ப்பார்களா என்று நின்றாள்.

முதலாளி நடுவில் வந்தார். "முதல்ல பொண்ணுக்குப் பொடவ பாருங்கமா. கால அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த அரக்கைத்தான் எடுத்தார்கள். அவர்கள் போனபிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். நான் புடவையை மடித்துக்கொண்டே போனேன்.

"கருப்பா இருக்குது. அசிங்கமா தெரியுது. வெள்ளத் துணில தச்சிக்கினு வா" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார்.

இப்போது வெள்ளைதான். வீட்டில் துவைத்து மாற்ற இரண்டு ஜோடி இருக்கிறது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கோயிலில் பிராகாரம் சுற்றிவிட்டு வந்தால் அன்றைக்கு முழங்கால் கனக்கும். ஆனால் சாயங்காலம்வரை நிற்க முடிகிறது. இன்சோலின் நடுப்பகுதி அமுங்கிப்போய்விட்டது, புதிதாக அளவெடுக்க வேண்டும். போன் செய்தால் அந்தப் பெண் கல்யாணமாகி ஊர் மாறிப் போய்விட்டாளாம், வேறொருவர் வந்திருக்கிறாராம். அவர் அளவு எப்படி எடுப்பாரோ, ஓரத்தை எவ்வளவு தேய்ப்பாரோ தெரியவில்லை. இந்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன். பழைய இன்சோல் ஜோடியையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு.