கொழுப்பில்லாத உறைமோர்

2010. தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம். நடுவில் பத்து கிலோ.

அதுதான் ஒப்பந்தம். பெண் சிதம்பரம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேப் கெமிஸ்ட், எடை தொண்ணூற்று நாலு. நிச்சயம் முடிந்த மறுநாள் போன் செய்தாள். வெட்கப்பட்டுச் சிரிப்பாள் என்று தலையணையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவனிடம் நேராக விஷயத்துக்கு வந்தாள். அவள் அப்பாவும் என் உடம்புவாகுதானாம். நாற்பத்து நாலு வயதில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே சரிந்தவர்தானாம், பிறகு எழவேயில்லையாம். அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"அழகுக்காகச் சொல்லலைங்க. எனக்குப் பயமா இருக்கு. கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ கொறைப்பீங்களா?"

குறைக்கிறேன் என்றேன். அந்தக் குரலில் கேட்டிருந்தால் வெள்ளாற்றை நீந்திக் கடக்கிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கணக்கு டீச்சர் வாய்ச்சொல்லை நம்புவாளா? மாதத்தின் முதல் ஞாயிறு நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எடை மெஷினில் ஏற வேண்டும். கலர் விளக்குகள் சுழல, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் அச்சடித்த அட்டை வந்து விழுமே, அந்த மெஷின்தான். கல்யாணத்துக்கு முன் நேரில் பார்த்துக்கொள்வது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் அவளுடைய அண்ணன் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போவார்.

காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூச்சிரைக்க நடந்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். நான் நடந்ததில் அம்மாவுக்கு வருத்தமில்லை, சோற்றை நிறுத்தியதுதான் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் பத்து இட்லி தின்றாலும் கடைசியில் ஒரு பிடி தயிர்ச்சோறு உள்ளே போகாவிட்டால் அதற்குப் பெயர் சாப்பாடே இல்லை. இரண்டு சப்பாத்தியோடு எழுந்தவனைப் பரீட்சையில் பெயிலானவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெண் வீட்டில் ஒல்லியாக இருக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இந்தக் காலத்து ஃபேஷன் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அந்த வாரம் மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்த ஏசி சூப்பர் மார்க்கெட்டுக்குப் பேஸ்ட் வாங்கப் போனேன். கண்ணாடி பிரிட்ஜுக்குள் குட்டிக் குட்டிக் கப்புகள். ஸ்ட்ராபெரி யோகர்ட், ஜீரோ ஃபேட், கொழுப்பெடுத்த பாலில் உறைந்த பழத்தயிர். வாசலில் வண்டி மேல் உட்கார்ந்தபடியே மூடியைப் பிரித்தேன். சில்லென்று, வழுவழுவென்று, இனிப்பா புளிப்பா என்று முடிவெடுப்பதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது. நடுவில் ஒரு பழத்துண்டு வேறு பல்லில் அகப்பட்டது. அடடா, இதைத் தின்றுகொண்டே இளைக்கலாமா! மூடியை நக்கினேன். கப்புக்குள் விரலை விட்டு வழித்தேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும். திரும்ப உள்ளே போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். பேஸ்ட்டை மறந்துவிட்டேன்.

அப்புறம் பகலெல்லாம் லேபில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ராத்திரிக் கப்பையே நினைத்துக்கொண்டிருப்பேன். மாசி மாத அட்டையில் தொண்ணூற்றொன்று. பின்பக்கம், உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும் என்று போட்டிருந்தது. பேன்ட் லூசாகிவிட்டதே என்று மச்சான் முதுகில் தட்டினார். அன்று மாலை அவள் போனில் சிரித்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் காரணமில்லாமல் பக்கத்து சீட்காரருக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அம்மா அந்த டிபார்ட்மென்ட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். குட்டிக் கப்பை வழித்துத் தின்பது பார்க்கச் சகிக்கவில்லை, கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறேன் என்றார். எவர்சில்வர் கிண்ணம் வந்தது. அடுத்த வாரம் கிண்ணம் பெரிதானது. ருசியும் நாளுக்கு நாள் ஏறியது. பழத்துண்டுகளும் தாராளமாக விழுந்தன. கொழுப்பே இல்லாமல் இவ்வளவு கெட்டியாகச் செய்கிறானே, விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று லேப் முழுக்கப் புகழ்ந்தேன். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

பங்குனி மாத அட்டையில் தொண்ணூற்றாறு.

மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷின் ரிப்பேராக இருக்கும் என்று அவரே ஏறிப் பார்த்தார். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது. என் அட்டையின் பின்பக்கம், எடுத்த காரியம் இரட்டிப்பாகும் என்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"எங்கப்பாவும் நாளையிலேந்து கொறைக்கிறேன்னுதான் சொல்வார்."

வைத்துவிட்டாள். நான் ஒன்றும் திருட்டுத்தனமாகத் தின்னவில்லையே என்று அழுகை முட்டியது. அன்று சாயங்காலம் கிண்ணத்தில் ஸ்பூனை விட்டேன். ஸ்பூனோடு ஒரு துண்டு பாலாடை எழுந்து வந்தது. ரோஸ் நிறத்தில், தடிமனாக. கொழுப்பெடுத்த பாலில் ஆடை எப்படிப் படியும்? ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த கெமிஸ்ட் அப்போதுதான் விழித்தான்.

அடுப்படிக்குப் போனேன். ஒரு குண்டான் எருமைப்பால் இளஞ்சூட்டில் இருந்தது. பக்கத்தில் ரோஸ்மில்க் எசென்ஸ், சர்க்கரை டப்பா, நறுக்கிய திராட்சை. அம்மா ஒரு ஸ்பூன் ரோஸ் நிறத் தயிரைப் பாலில் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகமா அது? பெருமை வழிந்தது.

"உன் கப்புலேந்து ஒரு ஸ்பூன் எடுத்துத்தான்டா மொதல்ல ஒறை ஊத்தினேன். அதுல கொழுப்பில்லன்னா இதுல மட்டும் எங்கேந்து வரும்?"

அதாவது, ஒரே ஒரு கப்பை உறைமோராக வைத்து ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். நேற்றைய தயிர் இன்றைக்கு உறை, இன்றையது நாளைக்கு. போதாததற்கு, உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், உடம்பு ஏறாது என்று உத்தரவாதமும் தந்திருக்கிறார். மூன்று வீட்டில் கிண்ணம் கிண்ணமாக டயட் நடந்துகொண்டிருக்கிறது!

கத்தினேன். பாக்டீரியாவுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கரண்டியை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தேன். அம்மா கேட்டுக்கொண்டே குண்டானை மூடினார். பிள்ளை அரை வயிற்றோடு படுப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். அதற்கு மேல் கத்த முடியவில்லை. அப்போதுதான் அவள் அப்பாவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். கை கழுவ எழுந்தார் என்றதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பத்தி நாலு வயசா?" என்றார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்காரருக்கே கொடுத்துவிட்டு, மூன்று வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

அவளுக்குப் போன் செய்து பாலாடையில் தொடங்கி முழுக்கதையும் சொன்னேன். முதலில் ஒரு விக்கல். பிறகு சிரித்தாள் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு ராத்திரியில் ஒரு கப், ஒரே ஒரு கப். அம்மாவே எதிரில் உட்கார்ந்து மூடியைப் பிரித்துக் கொடுப்பார். ஆவணியில் கடைசி அட்டை எண்பத்தைந்து காட்டியது. ஒரு கிலோ பாக்கியைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரசம் முடிந்து, வாளியில் கெட்டித் தயிரோடு பரிமாறுகிறவர் வந்தார். கரண்டியைச் சாய்த்தபோது, வளையல் குலுங்க ஒரு கை என் இலையை மூடியது.

"எங்கப்பா எலைய யாரும் இப்படி மறைக்கல," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பரிமாறுகிறவர் விடவில்லை. மாப்பிள்ளைக்குத் தயிர் விடாமல் போனால் எப்படி என்று சிரித்துக்கொண்டே மறுபடி கரண்டியைச் சாய்த்தார். எதிரில் நின்றிருந்த என் அம்மா எட்டி வந்து வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்குப் போதும்பா," என்றார்.

என் இலையைப் பார்த்து அம்மா அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு குட்டிக் கப்பை எடுத்து மூடியைப் பிரித்தார். என் இலையில் வைக்கவில்லை. அவள் கையில் கொடுத்தார்.