மார்த்தா அக்கா போனதை அந்த வீட்டில் சொல்லுங்கள்

மார்த்தா அக்கா இறந்ததை, பதினோரு ஆண்டுகள் அவருடன் வாழ்ந்த நால்வரிடமும் மறைத்துவிட்டார்கள். அது தவறு. முதல் மூன்று நாள் மறைத்தவர்களில் நானும் ஒருவன்.

திங்கட்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எனக்கு இல்லத்தின் செயலாளர் போன் செய்தார். "அங்கிள், மார்த்தா தூக்கத்துலயே போயிட்டாங்க. புதன்கிழமை அடக்கம். சேகர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாலு பேரும் அப்செட் ஆயிட்டா சமாளிக்க ஆளு இல்ல லா."

சேகர் என் மகன். வயது நாற்பத்து மூன்று. கற்றல் குறைபாடு உள்ளவன். அந்த இல்லம் கிள்ளானில் நடத்தும் ஒரு வரிசை வீட்டில், தன்னைப் போன்ற மூவருடன் வாழ்கிறான். அங்கே அவர்களுக்குத் துணையாக இருந்தவர்தான் அக்கா. வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் அந்த வீட்டில் எல்லோரும் அழைத்தபடியே நானும் அழைத்தேன். செயலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டு, அடக்கத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன்.

எடுத்த எடுப்பில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் மாதம் நான் பார்க்கப் போனபோது, சேகர் பொத்தான்களை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு கோணல் சட்டையோடு வந்து நின்றான். "இதுதான் நீங்க பாத்துக்கிற லட்சணமா?" என்று கேட்டேன். "அவரே போட்டாரு அங்கிள். இருபது நிமிஷம் ஆச்சு. நீங்க வரீங்கன்னு போட்டாரு" என்றார் அக்கா. அதற்குள் என் கை பாதிச் சட்டையை அவிழ்த்துவிட்டிருந்தது.

பிறகு ஒரு நாள் அக்காவும் சேகரும் நானும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சேகரைப் பார்த்து "பாஸ், என்ன வேணும்?" என்றார். வழக்கம்போல நான், "அவனுக்குத் தே தாரேக்" என்று தேநீர் சொன்னேன். அக்கா மேசையில் தட்டினார். "அங்கிள், உங்கள யாரு கேட்டா? வாய மூடிட்டு உக்காருங்க." கடைக்காரர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெகுநேரம் கழித்து சேகர், "மைலோ ஐஸ்" என்றான்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் மைலோ படம் மாட்டியிருந்தது, அதைப் பார்த்துச் சொல்லியிருப்பான் என்று வாதாடினேன். அடுத்த வாரம் படமே இல்லாத ஒரு கடைக்கு அவனைக் கூட்டிப் போனேன். மைலோ ஐஸ் என்றான். அதற்கும் அடுத்த வாரம் இன்னொரு கடை. அங்கே மைலோ ஐஸ் சொல்லிவிட்டு, "அப்பா, உங்களுக்கு?" என்று கேட்டான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவனுக்குப் பிடிக்காத தேநீரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே குடைச்சல். கேட்டேன்: "எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"பதில் வர்ற வரைக்கும்."

"வரலன்னா?"

"நீங்க கேட்டது அவங்களுக்குப் புரியல. வேற மாதிரி கேளுங்க."

தீபாவளிக்கு ஒருமுறை யாரோ பலூன்கள் கொண்டுவந்தார்கள். "நாலு பேருக்கும் மீசை நரைக்குது, பலூனா? ஷேவிங் செட் குடுங்க, உபயோகமா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்.

சமையலறையில் ஒரு பலகை வைத்திருந்தார். அன்றைக்கு வேலைக்கு வருகிறவர்களின் படங்களைக் காலையில் அந்த நால்வரும் எடுத்து மாட்டுவார்கள். எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, "அவங்க வீட்டுக்கு யாரு வரா, யாரு போறான்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். படங்கள் இருக்கும் பெட்டியைச் சேகர் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தான். அக்காவின் படம் அதில் இல்லை. "லீவுல இருக்காங்கன்னு சொல்லச் சொன்னாங்க, அங்கிள்" என்றார் புதிதாக வந்திருந்த பணியாளர், என் முகத்தைப் பார்க்காமல்.

சேகரை வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அக்கா செத்துட்டாங்க. நேத்து பொதச்சாச்சு. இனிமே வர மாட்டாங்க. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பஸ்கள் போயின.

"ஏன் சொல்லல?"

"நீ அழுவேன்னு."

"அழுவேன்தான்" என்றான். அழுதான். பிறகு, "எங்க பொதச்சாங்க?" என்று கேட்டான். அன்றே கல்லறைக்குப் போனோம். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவன் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தான். சமாளிக்க முடியாதபடி எதுவும் நடக்கவில்லை.

கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது: அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இனி நடக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற மூவரும் இன்னும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செயலாளர் இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லாலேயே சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து அக்காவின் படத்தை எடுத்துப்போனவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை என்ன செய்வது என்று நால்வரும் முடிவு செய்யட்டும். அக்காவின் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, நிர்வாகக் குழு அந்த நால்வரையும் நேர்காணலில் உட்கார வைக்க வேண்டும். இல்லங்களை ஆய்வு செய்ய வருகிறவர்கள், அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டு, பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். போய்க் கேளுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருவேன். கல்லறைக்கு வருகிறீர்களா என்று நால்வரையும் தனித்தனியாகக் கேட்பேன். வரவில்லை என்று சொல்கிறவர் வீட்டில் இருக்கலாம்.