முதலிடத்துக் கிதார்

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் ஒருவரும் வழிகாட்ட மாட்டார்கள். 'இதுவா அதுவா கடை எங்கே?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அந்த அறையில் வாடிக்கையாளரை உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே கேட்பார்: "இது நல்லாத் தெரியுதா, அதுவா?" ஒரு ஆளுக்கு இருபது தடவையாவது கேட்பார். பட்டப்பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்?

அந்தக் கேள்வியில் அவர் பெரிய சாமர்த்தியமெல்லாம் இருப்பதாக நினைக்கவில்லை. தொழிலில் கற்ற இரண்டு விஷயங்கள், அவ்வளவுதான். மனிதனால் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் ஒப்பிட முடியும். மூன்றைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பான். அடுத்தது, எது எது என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் கெட்டுப்போகும். 'இது உங்க பழைய பவர், இது புதுசு' என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும், புதிதுதான் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். கண்ணால் பார்க்காமல் காதால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவர் எதையும் சொல்லாமல்தான் கேட்பார்.

இந்த மனிதருக்கு ராக் இசைப் பைத்தியம் பிடித்ததற்குச் சுவர்தான் காரணம். வாலிபத்தில் வில்லை தேய்க்கிற பட்டறையில் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் இசைத்தட்டுக் கடை. அதன் முதலாளிக்குப் புரோகிரசிவ் ராக் மட்டும்தான் பாட்டு. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். ஏழு தட்டில் போய்க்கொண்டிருந்த தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்துக்குத் தாவும். ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், பாடுகிறவன் ஏதோ விடுகதை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கடைசியில் கிதார் தனியாகக் கிளம்பும். பட்டறையில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். இவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தார். அதற்காக வசவும் வாங்கினார்.

பிறகு சொந்தக் கடை, கல்யாணம், ஒரு மகள். கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிற்று, கண்ணாடிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. தங்கியது ஒரு கேசட் மட்டும்தான். மனைவியின் தம்பி கொடுத்தது. மாமாவுக்கு இந்த மாதிரிப் பாட்டுப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய இசைத்தட்டிலிருந்து பதிவுசெய்து கொடுத்தான். அப்போது அவன் மீசை சரியாக முளைக்காத பையன். இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறான், மீசையும் நரைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் பாதி ஷட்டர் போட்டுவிட்டு இவரும் மச்சினனும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது வழக்கமானது. பிற்பாடு பஸ் ஓட்டுகிற ஒருவர் கண் சோதிக்க வந்த இடத்தில் பின்னறைப் பாட்டில் மயங்கி மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். வேலை ஒன்றே ஒன்றுதான்: உலகத்திலேயே சிறந்த கிதார் சோலோ, அதாவது கிதாரின் தனி வாசிப்பு, எது? இரண்டிரண்டாகப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இதுவா அதுவா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். பாட்டின் பெயர்கள் வாயில் நுழையாததால் அவர்களே பெயர் வைத்தார்கள். 'படிக்கட்டு' ஒவ்வொரு சுரமாக மேலே ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. 'வக்கீல்' மூச்சுவிடாமல் வாதாடும். டிரைவருக்கு அதன்மேல் உயிர். "வேகம்னா அது வேகம்" என்பார். "வேகமா வாசிக்கிறதுக்கு விரல் போதும். ரெண்டு சுரத்துக்கு நடுவுல சும்மா இருக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார் இவர். மச்சினன் 'அழுமூஞ்சி'யின் கட்சி. பத்து நிமிடம் மேளம் அடித்து ஓய்ந்த பிறகு ஒரே சுரத்தை இழுத்து வளைத்து அழவைக்கும் சோலோ அது. "தனியா எடுத்துக் கேட்டா ஒண்ணுமில்ல மாமா. முன்னாடி அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதாலதான் அது அழுகை" என்பான். அதிலும் நியாயம் இருந்தது.

எத்தனை சுற்று வந்தாலும் இவருக்கு முதலிடம் 'ஒத்தை'க்குத்தான். கல்யாணக் கேசட்டில் இருந்த பாட்டு அது. சோலோவின் கடைசி நிமிடத்தில் மேளமும் ஆர்கனும் அப்படியே நின்றுவிடும். கிதார் மட்டும் ஒற்றையாக, வழி தெரியாத வீட்டில் இருட்டில் நடக்கிறவனைப் போலத் தடவித் தடவிப் போகும். அடியில் லேசாக ஒரு இரைச்சல். எல்லாம் முடிந்ததும் கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம். "வாசிச்சு முடிச்சிட்டுச் சாஞ்சு உட்கார்றான் பாருங்க. அந்தச் சத்தத்தைக்கூட வெட்டாம விட்டிருக்கான். அதுக்கு ஒரு நெஞ்சு வேணும்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

மச்சினன் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. ஒத்தைக்கு எதிராக எதைப் போட்டாலும் அதற்குத்தான் அவன் ஓட்டு. "முடிவு சரியில்ல மாமா. வீட்டுப்பாடம் எழுதின மாதிரி இருக்கு." இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தார்கள். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், போன செவ்வாய்க்கிழமை மகள் அப்பாவின் போனில் பழைய பாட்டெல்லாம் கேட்கிற வசதியைப் போட்டுக்கொடுத்தாள். இவர் நிஜப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி முதலில் தேடச்சொன்னது ஒத்தையை. கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேளம் நின்றது, ஆர்கன் நின்றது, கிதார் ஒற்றையாக வந்தது. வந்து, முன்பின் கேட்டிராத எதையோ வாசித்தது. சுத்தமாக, பிசிறில்லாமல், மேலிருந்து கீழே அழகாக இறங்கி முடித்தது. இரைச்சல் இல்லை. கிறீச் இல்லை.

"வெட்டிட்டானுங்க" என்று குதித்தார். "போன்ல போடறோம்னு முடிவையே மாத்திட்டானுங்க. எவன் கேக்கப் போறான்னு நினைப்பு." மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவளிடம் பாட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கடைக்கு ஓடி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்துக் கேசட்டைப் போட்டார். "நீயே கேளு. இதுல எப்படி இருக்கு பாரு."

அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் கிறீச் வந்ததும் கை நின்றது. "திரும்பப் போடுங்க" என்றாள். திரும்பப் போட்டார்.

"இது எங்க அப்பா நாற்காலி."

"என்ன உளர்றே?"

"இடது கால் ஆடும். எந்திரிச்சாலும் சத்தம், உக்காந்தாலும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே அப்பா வந்துட்டாருன்னு நாங்க புத்தகத்தை எடுப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "தம்பி அப்போ கிதார் வச்சிருந்தானே. நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூரா கதவைச் சாத்திக்கிட்டு ஒரே இதையே வாசிச்சிட்டிருந்தான். இசைத்தட்டுல கடைசியில கீறல், ஊசி நிக்க மாட்டேங்குதுன்னு புலம்பினான். கல்யாணம் ஆனப்புறம் கிதாரை வித்துட்டான். ஏன்னு கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல."

அவள் கதையை முடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமும் தலையில் தூக்கிவைத்து ஆடியது மச்சினனின் வாசிப்பு. கேசட்டை இன்னொரு தடவை போட்டார். இப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. பாட்டு குறைந்துபோயிருந்தது. மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு விரல் இடறுவது காதில் விழுந்தது. இதுநாள் வரை அதை ஏக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சல் மட்டமான மைக்கின் இரைச்சலாகக் கேட்டது. 'மச்சினன் பரவாயில்லாம வாசிச்சிருக்கான்' என்று மனம் சொன்னது. அதே காது, அதே நாடா. அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு வரைக்கும் கடையில் மனம் ஒட்டவில்லை. ஒருவருக்கு இடது கண்ணுக்கு உரிய வில்லையை வலது கண்ணில் செருகிவிட்டார். மச்சினனிடம் தெரியும் என்று சொன்னால், மூடிவைத்த பானையை இத்தனை வருடம் கழித்துத் திறந்த கோபத்தில் அவன் வராமலே போய்விடலாம். மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டால் இந்த வயதில் வாய்விட்டுப் பேச இவருக்கு அவனை விட்டால் யார்? சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு ஞாயிறும் ஒத்தைக்குப் பொய்யாக ஓட்டுப் போட வேண்டும். வாழ்க்கையில் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இதுவா அதுவா என்ற விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. மச்சினனை இழக்க அவருக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் போனை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "அண்ணே, உங்க ஒத்தை போன்ல கிடைக்குது. ஆனா முடிவு வேற. ரெண்டையும் போட்டுப் பாத்துடலாமா?"

மச்சினன் தேள் கொட்டிய திருடனைப் போல ஒரு நொடி விறைத்தான். பிறகு, "போடுங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

முதலில் போனில் இருந்தது ஓடியது. அடுத்தது கேசட். டிரைவர் யோசிக்கவே இல்லை. "முதல்ல வந்ததுதான். என்ன சுத்தம்!" மச்சினனும் தலையாட்டினான். "நானும் அதுதான். இதைத்தான் நான் அன்னைலேருந்து சொல்றேன், முடிவு சரியில்லன்னு." காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை தன் குஞ்சைத் தானே கொத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க?" என்றார் டிரைவர்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டாவதுல, மேல போய்த் திரும்புற இடத்துல விரல் தடுமாறுது. முதல்ல வந்ததுல அப்படி ஒரு தடுமாற்றம் இல்ல."

மச்சினன் சட்டென்று திரும்பினான். "அது தடுமாற்றமில்ல மாமா. சுண்டுவிரல்ல கொப்புளம். நாள் பூரா வாசிச்சு வாசிச்சு..."

அதோடு நிறுத்திக்கொண்டான். முகம் சிவந்துபோயிற்று.

"யாரு சுண்டுவிரல்ல?" என்றார் டிரைவர்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டான் மச்சினன்.

"செவ்வாய்க்கிழமை. உங்கக்கா நாற்காலியைக் கண்டுபிடிச்சிட்டா."

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் லேத் எண்ணெயின் கறுப்பு. "நிஜ முடிவு எப்படி இருக்கும்னு அப்போ எனக்கே தெரியாது மாமா. நானா ஒண்ணு வாசிச்சேன். பாதியில நிக்கிற பாட்டைப் போய்ப் பரிசா கொடுக்கிறதான்னுதான். நாலு நாள் கழிச்சுச் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அப்படிப் புகழ்ந்துட்டீங்க."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா? அடுத்த தடவை கேக்கறப்போ, 'மச்சினன் பரவாயில்லாம வாசிச்சிருக்கான்'னு சொல்லியிருப்பீங்க. சொல்லாம இருந்தாத்தான் அது முதலிடம். அதுக்கு மேல ஒண்ணு என்னால வாசிக்க முடியாதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அதான் கிதாரை வித்துட்டேன்."

இவர் டேப் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை நான் அப்படித்தான் நினைச்சேன்" என்றார். "வார்த்தை மாறாம அதேதான்."

"பாத்தீங்களா?" என்றான் மச்சினன். குரலில் கோபமில்லை. எழுந்திருக்கப் போனான்.

"உக்காரு. நான் இன்னும் ஓட்டுப் போடல." இவர் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை கேட்டது செல்லாது. யாருன்னு தெரிஞ்சு கேட்டேன். தெரியாம கேட்டதுதான் கணக்கு. எவன் வாசிச்சான்னு தெரியாம, எத்தனை பாட்டை எதிர்ல போட்டும், கல்யாணம் ஆன நாள்லேருந்து இதுக்குத்தான்டா கொடுத்துட்டிருக்கேன். இதைவிடச் சரியா ஒரு டெஸ்ட் இந்தக் கடையில நடந்ததில்ல. முதலிடம் இதுக்குத்தான். உனக்குத்தான்."

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையின் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கொப்புளம்தான் மாமா" என்றான். "தடுமாற்றமில்ல."