எஞ்சினைக் கடலில் தள்ளியவரின் கேள்வி

போன வாரம் ஒரு மாணவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை, அடையாறு வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவர், பொதுமக்கள் யாரும் கேள்வி கேட்கலாம் என்றார். கட்டம் கட்டமாக இருந்த முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து மீன் வறுக்கும் வாசனை. அவ்வளவுதான், தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் பன்னாட்டுச் சட்டத்தில் ஆராய்ச்சி மாணவி. மந்தைவெளியில் பஸ் பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். ஆபத்தில் சிக்கி அடுத்த நாட்டுக் கடலுக்குள் வந்துவிட்ட கப்பலைத் தண்டிக்கலாமா என்பது என் தலைப்பு. ஐரோப்பியப் பாய்மரக் கப்பல் வழக்குகளெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால், நம்புங்கள், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. கரையில் விட்ட செருப்பை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று கவலை.

பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்விக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் கூடையை இறக்கியவள் மீனைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் கணவர் தேசிங்கு இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போனவர். வழியில் எஞ்சின் கெட்டு, கார்த்திகைக் காற்றில் பதினோரு நாள் மிதந்து, அடுத்த நாட்டுக் கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். எல்லை தாண்டியதாக அங்கே ஜெயில். அவர் எழுதிய கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் வக்கீல் இல்லை, சும்மா படிக்கிறவள் என்று இழுத்தேன்.

"படிச்சதையே எழுதிக் குடும்மா. வேற இன்னா கேக்கறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாகப் படித்தது யாருக்காவது வேண்டியிருக்கும் என்று எனக்கே தோன்றியதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து எட்டுப் பக்க மனு எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அதிலிருந்த கோபத்தையெல்லாம் அடித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் மிச்சம் வைத்தார். டைப் அடித்த பிரதிகளோடு செல்வி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள், மீன் விற்று முடித்த கையோடு. நாலு மாதம் கழித்து மூவரும் திரும்பி வந்தார்கள். என் மனுவால்தானா என்று இன்றுவரை தெரியாது. செல்வி அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

மறு வருஷம் என் வாய்மொழித் தேர்வுக்குச் செல்வியும் தேசிங்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். டெல்லியிலிருந்து வந்த தேர்வாளரின் கேள்விகளுக்கெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டேன். வேறு யாரும் கேட்கலாம் என்றதும் தேசிங்கு எழுந்தார்.

"போட்டுல தண்ணி ஏறிக்கினே கீது. கனம் கொறையட்டும்னு கெட்டுப்போன எஞ்சினக் கழட்டிக் கடல்ல தள்ளிட்டோம். அங்க கோர்ட்டுல, எஞ்சினு கெட்டதுக்கு அத்தாட்சி எங்கன்னு கேட்டாங்க. உசுரு பொழைக்கத்தான் அத்தாட்சியத் தள்ளினோம். இதுக்கு உங்க சட்டத்துல இன்னா போட்டுகீது?"

பேராசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் நானூறு பக்கங்களில் அதற்கு ஒரு வரி இல்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்றார் தேர்வாளர். பிறகு, பேராசிரியர் மூலமாக, கடலில் எத்தனை நாள், எப்படிப் பிழைத்தீர்கள் என்று தேசிங்கிடமே கேட்டார். தார்ப்பாயில் மழைநீர் பிடித்ததையும், மாற்றி மாற்றி ஒருவர் தூங்காமல் தண்ணீர் இறைத்ததையும் அவர் நிதானமாகச் சொன்னார். தூரத்தில் விளக்கு தெரிந்தபோது எந்த நாடு என்ற நினைப்பே வரவில்லையாம்; குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்றுதான் தோன்றியதாம். தேர்வு என்னுடையது என்பதையே அந்த அறையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் உள்பட.

பட்டம் கிடைத்தது. அந்தக் கேள்விக்காகத் தனியாக ஓர் அத்தியாயம் எழுத மேலும் ஆறு வருஷம் ஆனது, அதுவும் பாதிப் பதில்தான். வடக்கே வேலை பார்த்துத் திரும்பி, அதையும் சேர்த்து அச்சான என் புத்தகத்தோடு பட்டினப்பாக்கம் போனேன். அவர்கள் வீடு இருந்த வரிசையைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஊருக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள் என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த அத்தியாயத்தை உலகத்தில் நாற்பது ஐம்பது பேர் படித்திருப்பார்கள். கேள்வி கேட்டவர் அவர்களில் இல்லை.