நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பை

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்தது போல் இருந்தது. புதுக்கோட்டை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டே நடக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் செருப்பு நிலைப்படி தாண்டினால் என் கணவருக்குச் சோறு இறங்காது.

கணவர் பத்திரம் எழுதுகிறவர். எதிலும் ஒரு ஷரத்தைக் கண்டுபிடிப்பார். இரண்டு நாள் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "தோலு இல்ல, ரப்பர் இல்ல, தெருவுல மிதிச்சதும் இல்ல. வீட்டுலயே துணியில தச்சுக்கிட்டா அது செருப்புல சேராது" என்று தீர்ப்புச் சொன்னார். சாமி அறைக்கு மட்டும் அனுமதி இல்லை.

செய்தித்தாளில் பாதத்தை வைத்து வரைந்து, அந்த அளவுக்கே நான்கு துணி வெட்டித் தைத்தேன். முடித்துப் பார்த்தால் இரண்டும் இடது கால். காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கணவர் சிரிக்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டார். அடுத்த சோடிக்குப் பழைய துண்டை நாலாக மடித்து நடுவில் சாக்கு வைத்தேன். மெஷின் ஊசி இரண்டு ஒடிந்தது. கோணி ஊசியால் கையிலேயே தைத்தேன்.

அடிப்பாகத்துக்குக் கெட்டியான துணி வேண்டும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பைகள் தொங்கின. எல்லாம் கொசுவலை. ஒரே ஒரு பைதான் தார்ப்பாய் கணக்காக இருந்தது. அது என் கணவரின் அக்கா மகனுடைய கல்யாணத்துப் பை.

அந்தக் கல்யாணத்தில்தான் வினையே. தாய்மாமன் சீர் ஏற்றிப் போன வேன் திருமயம் தாண்டிப் பஞ்சராகி, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு கிடைத்தது, பை கிடைத்தது, நாத்தனாரின் பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வருடமாக அக்காவின் குரலைக் கேட்காமல் என் கணவர் பாதியாகிவிட்டார். பேசாதவர் வந்து என் உள்ளங்காலையா பார்க்கப்போகிறார் என்று பையை வெட்டினேன். பையில் அச்சடித்திருந்த பெயர்கள் வெளியே தெரியக் கூடாதே என்று எழுத்தை அடிப்பக்கம் வைத்தேன். இடது காலில் மணமகன், வலது காலில் மணமகள்.

அடுத்த வாரமே நாத்தனார் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். கணவருக்குக் கை கால் ஓடவில்லை. "வாக்கா, உக்காருக்கா" என்று நாலு தடவை சொன்னார். எனக்கும் பதற்றம். காலில் இருப்பதையே மறந்து, அலமாரி அடித்தட்டில் இருந்த முறுக்கு டப்பாவை எடுக்க மண்டி போட்டேன். முதுகுக்குப் பின்னால் "மணமகன்..." என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டது. உயிரே போய்விட்டது. என் கணவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"உங்க வீட்டுப் பைதாண்ணி கெட்டி. மத்ததெல்லாம் நாலு நாள் தாங்காது" என்றேன். அது சமாதானமா, சண்டைக்கு அச்சாரமா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏத்தா, அதக் கழட்டிக் குடு" என்றார் நாத்தனார்.

கொடுத்தேன். தட்டினார், வளைத்தார், தரையில் போட்டுத் தன் காலை நுழைத்து இரண்டு அடி நடந்தார். "எனக்கும் குதிகாலுதான். எனக்கும் ஒரு சோடி தச்சுக் குடு."

"பேரு இல்லாத துணியில தச்சுத் தாரேண்ணி."

"இதே பையிலயே தையி. பரண்ல முந்நூறு பை மிச்சங் கெடக்கு. ரெண்டு கால்லயும் மருமக பேரா வர்ற மாதிரி பாத்துக்க. எம்மகன் பேரு வேணாம். பெத்த புள்ளய மிதிக்கலாமா?"

மருமகள் மூன்றாம் மாதமே மகனைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனது, போன் செய்தால் எடுக்காதது எல்லாம் அதற்குப் பிறகு அவர் பேச்சில் வந்தது. பஞ்சரான வேனைப் பற்றி யாரும் பேசவில்லை. கணவர் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பைகள் பஸ்ஸில் வந்தன. சொன்னபடியே தைத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போன் செய்து, "வலி கொறஞ்சிருக்காண்ணி?" என்று கேட்டேன்.

"காலு அப்புடியேதான் இருக்கு. மனசுக்குத்தான் எதமா இருக்கு."

போனை வைத்ததும், நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான் என்பது உறைத்தது. என் பெயர் போட்ட கல்யாணத்துப் பையும் நூறு மிச்சம் என்று என் மாமியார் உயிரோடு இருந்தபோது சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணவரைப் பரணில் ஏற்றித் தேடச் சொன்னேன். ஒன்றுகூட இல்லை. மாமியார் எதையும் தூக்கிப் போடுகிறவர் அல்ல. அவருக்கும் கடைசிவரை குதிகால் வலி இருந்தது.