பாடுறவக இல்லாத பாட்டு

பழைய சினிமாப் பாட்டுகளை ஒற்றைக் கிட்டாரில் வாசிக்கிற ஒருவரைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், எங்கள் வீட்டில் எவ்வளவு பேசுகிறோம் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் யார், எவர் என்று சரியாகத் தெரியாது. வாசிக்கும் முன் சொல்கிற இரண்டு வார்த்தையை வைத்துக் கோட்டயம் பக்கத்துக்காரராக இருக்கும் என்று நினைக்கிறேன். உத்தமபாளையத்தில் நான் கணக்கு எழுதுகிற அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் எதையோ தேடப்போய் அவர் வந்தார். முதலில் மூன்று பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கட்டைவிரல் தடித்த தந்திகளில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மற்ற விரல்கள் நடுவில் சுரங்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்தன. அதற்கு மேலே பாட்டு போனது.

ஒரு வரியை நமக்குத் தெரிந்தபடி வாசிப்பார். அடுத்த வரிக்கு வரவேண்டிய இடத்தில் வரமாட்டார். ஏதோ சந்துக்குள் நுழைந்து, எங்கெங்கோ சுற்றிவிட்டு, நாம் நம்பிக்கையிழந்த நேரத்தில் வந்து நிற்பார். அதுவரை நம் மனசு அந்த வரியைப் பாடிக்கொண்டே காத்துக்கிடக்கும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்துப்போனது. இதற்கு ஜாஸ் என்று பேர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழைய பாட்டுகளை இப்படி வாசித்திருப்பதையும் தேடிக் கேட்டேன். பாதிதான் பிடிபட்டது. மூலப் பாட்டு தெரியாதவளுக்கு வாசிக்கிறவர் எங்கே விலகினார், எங்கே திரும்பினார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் யாராவது பாடியதைத் தேடிக் கேட்டுவிட்டுத் திரும்ப வரவேண்டியிருந்தது. நம் பாட்டுகளில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே, வீட்டில் போட்டால் உடனே ரசிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆண்டிபட்டியில் சொந்தக்காரர்கள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அனுமந்தன்பட்டியிலிருந்து காரில் கிளம்பினோம். வண்டி ஓட்டியது நான். வீட்டுக்காரர் பக்கத்தில். பின்சீட்டில் அவருடைய அக்கா, என் மதினி. மதினியின் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷமாகிறது. மதினி பக்கத்துத் தெருவில் தனியாகத்தான் இருக்கிறார். பாத்திரம் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும் வாய் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தை மறக்காது. இந்த வாசிப்பு யாருக்குப் பிடிக்காவிட்டாலும் மதினிக்குப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு.

ஆற்றங்கரையில் ஒருத்தி காத்திருந்து பாடுகிற பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். உத்தமபாளையம் தாண்டும்வரை வீட்டுக்காரர் பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதுதாங்க பாட்டு."

"பாடுறவக யாரையும் காணாமே."

கேலி செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனுஷன் நிஜமாகவே கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கிறார், கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். வெளியே நட்டிருந்த நாற்றைப் பார்த்தபடி ம், ம் என்றார். நான் காத்திருந்த இடம் வரும் நேரத்தில் போன் அடித்தது. கார் ஸ்பீக்கர் பாட்டை விழுங்கிவிட்டு, எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்தவரின் குரலைத் துப்பியது. ஸ்பிரேயரில் பெல்ட் அறுந்துவிட்டதாம். புது பெல்ட் எங்கே கிடைக்கும், பழையதைக் கட்டி ஓட்டலாமா என்று சின்னமனூர் முழுக்கப் பேசினார்கள்.

மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை மதினி பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, வார்த்தையைப் போட்டு உரக்கப் பாடவும் செய்தார். கிட்டார் அந்தக் குரலுக்கு அடியில் எங்கோ கிடந்தது. இரண்டாவது வரியில் வாசிப்பவர் வழக்கம்போல் சந்துக்குள் நுழைய, மதினி நடுத்தெருவில் தனியாக நின்றார்.

"தப்பா வாசிக்கிறான்த்தா."

"தப்பில்ல மதினி, வேணும்னே அப்படி வாசிக்கிறாரு."

"வேணும்னு எதுக்குத் தப்பா வாசிக்கணும்?"

இதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகும் வைக்கோல் லாரியையும் பார்த்துக்கொண்டு, அது வாயில் வரவில்லை. மூன்றாவது தடவையாக முதலிலிருந்து போட்டேன். வீம்புதான்.

வீரபாண்டி தாண்டியபோது வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். பின்னாலும் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மதினி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார், உதடு அசையவில்லை. அப்பாடா, ஒரு ஆளாவது கேட்கிறதே என்றிருந்தது. மேலே பாட்டு நின்றுவிட, கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கிப்போகிற இடம் வந்தது. நான் அன்று காலையிலிருந்து எல்லாரையும் கேட்கவைக்கப் பாடுபட்டது அந்த இடத்தைத்தான்.

"நிறுத்துத்தா" என்றார் மதினி.

பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வார்த்தை இருந்தா எவளோ ஒருத்தி கதைன்னு நானும் பாடிட்டுப் போயிருவேன். இது என் கதையால்ல ஆகுது. நல்ல காரியத்துக்குப் போறோம். இப்ப எனக்கு இது வேணாம்."

நிறுத்தினேன். தேனிக்குள் நெரிசல். எனக்கு முன்னால் நின்ற ஆட்டோவுக்கு வேண்டாத ஹாரன் அடித்தேன். ஒருவருக்குப் பாட்டே கேட்கவில்லை, அது ஓடினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. கேட்டவரோ வேண்டாம் என்கிறார். வாசிப்பவர் எங்கே விலகினார், எங்கே சேர்ந்தார் என்று இத்தனை மாதம் நான் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி ஒரே தடவை காதுகொடுத்ததில் அதற்கு அடியில் போய்விட்டார். அதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

விசேஷ வீட்டில் மதினி எல்லாருக்கும் பரிமாறினார், சிரித்தார். திரும்பும்போது வீட்டுக்காரர் தன் போனிலிருந்து பழைய பாட்டுகளைப் போட, ஆண்டிபட்டியிலிருந்து ஊர்வரை மதினி ஒன்று விடாமல் பாடிக்கொண்டு வந்தார். சோகப் பாட்டுகளைத்தான் அதிக உற்சாகமாகப் பாடினார். வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டார்.

"பாத்தியா, இதுல எல்லாம் சேந்து பாடலாம்ல" என்று என்னிடம் சொன்னார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இப்போதெல்லாம் காரில் கிட்டார் போடுவதில்லை. மதிய நேரத்தில், காதில் மாட்டிக்கொண்டு, எனக்கு நானே கேட்பதுதான். அந்தப் பாட்டும் அவ்வப்போது வருகிறது. மதினி நிறுத்தச் சொன்ன அந்த இடத்தில், கட்டைவிரல் இறங்க ஆரம்பிக்கும்போது, என்னையறியாமல் கை போனுக்குப் போய் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறது. அவர் திரும்பி வந்து சேர்கிற இடம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.